எழுபத்து நான்காம் எண் வீடு

ஈப்போவுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் என்னென்ன செய்வார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். காலையில் கல்லுமலை முருகன். பிறகு வெள்ளைக் கோப்பி. மதியம் தௌகே கோழி. பழைய ஊர்ச் சந்துகளில் சுவரோவியங்களுக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தி நாலு படம். திரும்பும் வழியில் தம்பூனில் பம்பிளிமாஸ் வாங்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலை ஏறிவிட்டால், விடுமுறை முடிந்தது. கூடுதலாக ஒரு நாள் கிடைத்தவர்கள் பத்து காஜா பக்கம் போய் கெல்லிஸ் காசலைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

அந்தக் கூடுதல் நாள் யாருக்காவது கிடைத்தால், நான் சொல்லும் இடம் வேறு. ஈப்போவிலிருந்து லகாட் வழியாகப் பூசிங் போகும் பழைய சாலையில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். பெயர்ப் பலகையைக் கவனிக்காமல் விட்டால் ஊரே இருப்பது தெரியாது. பாப்பான் என்று பெயர்.

தமிழ்க் காதுக்கு வேறு எதையோ நினைவூட்டும் பெயர்தான். மலாயில் பாப்பான் என்றால் பலகை. கிளேடாங் மலையடிவாரத்துக் காட்டு மரங்களை வெட்டிப் பலகையாக்கிய இடம் என்பதால் வந்த பெயர் என்கிறார்கள். மரத்துக்குப் பிறகு ஈயம். சுமத்திராவிலிருந்து வந்த மண்டாய்லிங் மக்கள் இங்கே ஈயம் எடுத்தார்கள். அவர்களுக்குத் தலைவராக இருந்த ராஜா பிலா 1896இல் கட்டிய பெரிய வீடும், அதற்கு முன்பே எழுந்த பள்ளிவாசலும் இன்னும் நிற்கின்றன. சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தார்கள், கடைவீதி எழுந்தது. ஈயம் தீர்ந்ததும் ஊரும் தீர்ந்தது.

இப்போது பாப்பானின் பெரிய வீதி என்பது எதிரும் புதிருமாக இரண்டு வரிசை கடைவீடுகள். பாதிக்குமேல் பூட்டிக் கிடக்கின்றன. சில வீடுகளுக்குக் கூரை இல்லை. கூரை இருந்த இடத்தில் மரம் இருக்கிறது. ஆலமர வேர்கள் செங்கல் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்குகின்றன. மரத்தை வெட்டினால் சுவர் விழுந்துவிடும் போலிருக்கிறது. ஐந்தடி நடைபாதையில் ஒரு நாய் படுத்திருந்தது. எங்கள் காரைத் தலைதூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டது. பின்சீட்டிலிருந்த என் பதின்மூன்று வயது மகள், "இங்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் புந்தோங்கில் இருக்கும் என் தாய்மாமா. பணி ஓய்வுபெற்ற ஆசிரியர். அதனால் எந்தக் கேள்விக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல மாட்டார். "வா, சொல்றேன்" என்று இறங்கி நடந்தார். 74ஆம் எண் வீட்டுக் கதவு திறந்திருந்தது. முதல் நாளே தொலைபேசியில் சொல்லி வைத்திருந்தோம். அப்படிச் சொல்லி வைக்காமல் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க முடியும். சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் அருங்காட்சியகம் அல்ல இது. மரபுடைமையில் அக்கறை கொண்ட சிலர், சொந்த நேரத்தையும் சொந்தக் காசையும் போட்டு, ஒரு கடைவீட்டை இடியாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை.

இது சிபில் கார்த்திகேசு போர்க்காலத்தில் மருந்தகம் நடத்திய வீடு.

பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். 2010இல் ஆஸ்ட்ரோவில் அவர் கதை 'அப்பா டோசாக்கு' என்று மலாயில் தொடராக வந்தது. அவருடைய குடும்பத்து வாரிசான எலெய்ன் டேலியே சிபிலாக நடித்தார். 2016இல் அவருடைய பிறந்தநாளன்று கூகிள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. ஈப்போ ஃபேர் பார்க்கில் அவர் பெயரில் ஒரு சாலை உண்டு. ஆனாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தக் குடும்பப் பெயரை வாசிக்கும் நம் பிள்ளைகள், அது கார்த்திகேசு என்ற யாழ்ப்பாணத்து நாவில் புழங்கும் சாதாரணத் தமிழ்ப் பெயர் என்று கண்டுகொள்வதில்லை. 'கத்திகாசு' என்று வாசித்துவிட்டு, ஏதோ ஐரோப்பியப் பெயர் என்று தாண்டிப் போகிறார்கள். என் மகளும் அப்படித்தான் வாசித்தாள்.

சிபில் தமிழர் அல்லர். 1899இல் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்த யூரேசியர். ஊரின் பெயரையே நடுப்பெயராக வைத்தார்கள், சிபில் மேடான் டேலி. தாதியாகவும் மகப்பேற்று மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். கெண்டனிஸ் சரளமாகப் பேசுவார். அவர் மணந்த டாக்டர் இலங்கைத் தமிழர். ஆறுமுகம் கணபதிப் பிள்ளை என்ற அந்த இளைஞரை, மதம் வேறு என்று பெண் வீட்டார் முதலில் ஏற்கவில்லை. அவர் கத்தோலிக்கரானார், ஏ.சி. கார்த்திகேசு ஆனார், 1919இல் கோலாலம்பூர் புக்கிட் நானாஸில் உள்ள செயின்ட் ஜான் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. முதல் குழந்தை பிறந்த சில மணி நேரத்தில் இறந்துபோனது. வில்லியம் என்ற பையனைத் தத்தெடுத்தார்கள். பிறகு ஓல்கா, வெகுகாலம் கழித்து 1936இல் டோன். ஈப்போவில் புருஸ்டர் சாலை 141ஆம் எண்ணில் கணவனும் மனைவியும் கிளினிக் நடத்தினார்கள். இன்று அந்தச் சாலைக்கு ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா என்று பெயர்.

1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். சில நாள்களில் ஈப்போவில் குண்டு விழுந்தது. ஜப்பானியர் ஊருக்குள் வருமுன் கார்த்திகேசு குடும்பம் பாப்பானுக்கு வந்து சேர்ந்தது. பட்டணத்து டாக்டர் குடும்பம், ஈயக் கம்பத்தின் பெரிய வீதியில், ஒரு கடைவீட்டில். அன்றைக்கு அது தற்காலிக ஏற்பாடாகத்தான் இருந்திருக்கும்.

வீட்டுக்குள் வாருங்கள். கடைவீடுகளுக்கே உரிய நீளம். முன்பக்கம் வெளிச்சம், உள்ளே போகப்போக இருட்டு. முன்னறைதான் மருந்தகமாக இருந்த இடம். சுவரில் குடும்பப் படங்கள், பத்திரிகை நறுக்குகள். அந்தக் காலத்துப் பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியும் இல்லை, தொடாதே என்ற கயிறும் இல்லை. மழைக்காலத்து மரவாசனை. குளிர்சாதனம் உள்ள அருங்காட்சியகங்களுக்குப் பழகியவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இப்படியே பிடித்திருந்தது. பளபளப்பாக்கியிருந்தால் வீடு போய்விட்டிருக்கும்.

மாமா நேராக மாடிப்படிக்குப் போனார். "இங்கதான் பார்க்கணும்" என்று என் மகளைக் குனியச் சொன்னார். படிக்கட்டின் அடியில் ஒரு பதுங்கு குழி. இங்கேதான் வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்திருந்தார்கள். அதற்கு ஜோசஃபின் என்று ஒரு பெண்ணின் பெயர். வெளியே யார் காதிலாவது விழுந்தால் குடும்பத்துப் பெண் ஒருத்தியைப் பற்றிப் பேசுவதாக இருக்கட்டும் என்றுதான் வைத்திருப்பார்கள் போலும். ஜப்பானியர் காலத்தில் சிற்றலை வானொலி வைத்திருப்பதும் பிபிசி கேட்பதும் தலைபோகிற குற்றம். இரவில் கேட்ட செய்தியைக் காலையில் காதோடு காதாகச் சொல்லுவார்கள். ஜப்பான் எல்லா இடத்திலும் ஜெயிக்கிறது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த ஊரில், அப்படி இல்லை என்று ஒரு வீட்டுக்குத் தெரிந்திருந்தது.

"ஒரு ரேடியோவுக்காகவா கொல்லுவாங்க?" என்று மகள் கேட்டாள்.

"உன் கையில இருக்கிறதை வெச்சிருந்தா வீட்டோட எல்லாரையும்" என்றார் மாமா. அவள் தொலைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மாமாவின் வகுப்பு எப்போதும் இப்படித்தான்.

வீட்டில் எனக்கு முக்கியமாகப் பட்டது பின்பக்கக் கதவு. முன்கதவு பெரிய வீதியைப் பார்த்தது. நோயாளிகளும் வந்தார்கள், ஜப்பானியரும் வந்தார்கள். பின்கதவுக்கு அப்பால் அன்றைக்குக் காய்கறித் தோட்டம், அதற்கு அப்பால் மலை. இருட்டிய பிறகு காட்டிலிருந்து ஆட்கள் அந்த வழியாக வந்தார்கள். குண்டு பாய்ந்த காயத்தோடு, சீழ் பிடித்த புண்ணோடு, மலேரியாக் காய்ச்சலோடு. மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படையின் பேராக் பிரிவைச் சேர்ந்த கெரில்லாக்கள் அவர்கள். சிபில் அவர்களுக்கு மருந்து போட்டார், மருந்து கொடுத்தனுப்பினார், வானொலியில் கேட்ட செய்திகளையும் சேர்த்துக் கொடுத்தார். காலையில் வழக்கம்போல முன்கதவைத் திறந்து, பிள்ளைத்தாய்ச்சிகளையும் காய்ச்சல்காரர்களையும் பார்த்தார்.

அங்கே நின்றபோது எனக்குத் தோன்றிய ஒன்றைச் சொல்கிறேன். கடைவீடுகளுக்குப் பொதுச் சுவர். பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். நள்ளிரவில் ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவன் வலியில் முனகினால், பக்கத்து வீட்டுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு வருடத்துக்கும் மேலாக இது நடந்திருக்கிறது. சிபிலின் துணிச்சலைப் பற்றி எல்லாரும் எழுதுகிறோம். அந்தத் தெருவில் வாயைத் திறக்காமல் இருந்த பெயர் தெரியாத மனிதர்கள் எத்தனை பேர் என்று அந்தப் பின்கட்டில் நின்றால்தான் கேட்கத் தோன்றுகிறது. மருந்தகத்துக்கு வந்து குழந்தை பெற்றுப்போன சீனப் பெண்களும் அதில் இருந்திருப்பார்கள். ஒரு வீட்டைப் பாதுகாத்தால் ஒரு தெருவின் கதை தங்குகிறது. சிலை வைத்திருந்தால் அது தங்கியிருக்காது.

1943இல் கணவர், வில்லியம், சிபில் மூவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். சிபில் கைதானது ஆகஸ்ட் மாதம். விசாரித்தது கெம்பித்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ். அவர்கள் செய்ததையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையாக எழுத எனக்கு மனமில்லை. சிபிலே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். எல்லாம் பலிக்காமல் போனபோது எக்கியோ யோஷிமுரா என்ற சார்ஜண்ட், கடைக்குட்டி டோனைக் கொண்டுவந்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, தாய் பார்க்கக் கீழே நெருப்பு மூட்டினான். கெரில்லாக்களின் பெயரைச் சொல்லச் சொன்னான். சிபில் சொல்லவில்லை. வேறொரு ஜப்பானிய அதிகாரி குறுக்கிட்டுத்தான் குழந்தை பிழைத்தாள்.

இதை மாமா சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு என் மகள், "அவங்க செஞ்சது சரியாம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நாட்டுக்காக, தியாகம், வீரம் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும் பதில்கள் எல்லாம் எனக்கும் தெரியும். எதிரில் நிற்பது என் பிள்ளை. "எனக்கு அந்த தைரியம் இல்லைடா" என்று மட்டும் சொன்னேன். பெயரைச் சொல்லியிருந்தால் எத்தனை அம்மாக்களின் பிள்ளைகள் செத்திருப்பார்கள் என்று மாமா கணக்குப் போட ஆரம்பித்தார். அவள் கேட்டது அதை அல்ல.

சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதித்து பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். 1945இல் ஜப்பான் சரணடைந்தபோது உயிரோடு வெளியே வந்தார், ஆனால் நடக்க முடியாதவராக. சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். யோஷிமுராவுக்கு 1946இல் போர்க்குற்ற விசாரணை நடந்து மரண தண்டனை கிடைத்தது. சிபிலுக்கு மன்னர் ஆறாம் ஜார்ஜ் ஜார்ஜ் பதக்கம் அளித்தார். மலாயாப் பெண்களில் அதைப் பெற்றவர் அவர் ஒருவர்தான். படுக்கையில் இருந்தபடியே நினைவுகளை எழுதினார். 1948 ஜூன் 12இல், தாடையில் பட்ட பழைய காயம் நஞ்சாகி, 48 வயதில் இறந்தார். புத்தகம் அவர் இறந்து ஆறு வருடம் கழித்து, 1954இல்தான் வெளிவந்தது. 'நோ டிராம் ஆஃப் மெர்சி'. துளிகூட இரக்கமில்லை என்று சொல்லலாம்.

அந்த 1948 ஜூன் மாதத்தை இன்னொரு தரம் பாருங்கள். சிபில் இறந்து நான்காம் நாள், ஜூன் 16, இதே பேராக்கில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் திரும்பிப் போனவர்கள், சிபில் பின்கதவு வழியாக மருந்து போட்டனுப்பிய அதே படையின் ஆட்கள். ஜப்பானியரை எதிர்த்ததற்காக சின் பெங்குக்குப் பதக்கம் கொடுத்த பிரிட்டிஷ் அரசு அதைப் பிறகு பறித்துக்கொண்டது. நேற்றைய நண்பர் இன்றைய பயங்கரவாதி. சிபிலுடைய பதக்கத்தை யாரும் பறிக்கவில்லை. ஆனால் அவர் யாருக்கு மருந்து போட்டார் என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல்கள் தாழ்ந்துபோயின. 'கெரில்லாக்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். இந்த வீடு சிலருடைய சொந்த முயற்சியில் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். ஜப்பானியரை எதிர்த்தவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அவர்களில் பெரும்பாலானவர்கள் யார் என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. இந்த வீட்டில் அந்தக் கேள்வியை ஒளித்து வைக்கவில்லை. சிபில் ஒரு மருத்துவச்சி. காயத்தோடு வந்தவனிடம் கட்சி கேட்கவில்லை.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது.

வெளியே வந்து ஐந்தடியில் உட்கார்ந்திருந்தபோது மாமாதான் அதை எடுத்தார். "நம்ம வீட்டுப் பக்கம் இந்தக் கதையே வராதும்மா. நேதாஜி படம் மாட்டியிருந்த வீடுங்க நாம" என்றார். உண்மைதான். சிபில் கைதாவதற்கு ஒரு மாதம் முன்பு, 1943 ஜூலையில், சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். ஜான்சிராணிப் படைக்கு நம் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். ஜப்பான்காரன் துணையோடு வெள்ளைக்காரனை விரட்டலாம் என்று நம்பியவர்களும், ஜப்பான்காரனிடம் அடிபட்டவர்களும் ஒரே தோட்டத்தில், சில நேரம் ஒரே வீட்டில் இருந்தார்கள். எங்கள் குடும்பத்திலேயே தாத்தாவின் தம்பி இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தார். தாத்தாவின் அண்ணன் சயாமுக்குப் போனார்.

சயாம் மரண ரயிலைப் பற்றி இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 415 கிலோமீட்டர் தண்டவாளம். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். சயாமுக்குப் போனவர் என்பதற்கு மேல் பெரிய தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. எந்த முகாம், எந்த மாதம், காலராவா பட்டினியா, எதுவுமே தெரியாது. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக, புல் வெட்டி, பூச்செடி வைத்து. நம் ஆட்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கே கிடையாது.

"பெரியப்பா பேரை ஒரு இடத்திலயாவது எழுதி வெச்சிருந்தா நல்லா இருக்கும்" என்றார் மாமா. எழுபத்தைந்து வயதில் இதை அவர் முதல்முறையாகச் சொல்லி நான் கேட்கிறேன்.

அதனால்தான் இந்த வீடு எனக்குப் பெரிதாகப் பட்டது. ஊர் பாதி இடிந்துவிட்டது. அரசாங்கம் கொண்டாடுகிற அளவுக்கு வசதியான கதையும் இல்லை. ஆனாலும் கதவு எண் இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது, படிக்கட்டின் அடியில் குழி இருக்கிறது. யாரோ சிலர் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து ஒழுகும் கூரையைப் பார்த்துக்கொள்கிறார்கள். இது எவ்வளவு நாள் ஓடும் என்ற கவலையும் எனக்கு வந்தது. தன்னார்வலர்களுக்கு வயதாகும். கூரைக்கு இன்னும் சீக்கிரம் வயதாகும். வருகையாளர் புத்தகத்தைப் புரட்டினேன்: ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, பினாங்கு, சீனப் பெயர்கள் நிறைய. நான் புரட்டிய பக்கங்களில் நம்மவர் பெயர் இரண்டோ மூன்றோதான். டாக்டர் கார்த்திகேசுவின் வீட்டுக்கு!

அந்த டாக்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மனைவியின் புகழில் அவர் மறைந்துபோனார். அவரும் அடிபட்டார், அவரும் சிறையில் இருந்தார். குடும்பத்தோடு மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தும் அந்தப் பின்கதவைச் சாத்தச் சொல்லாத கணவர். சுவரில் இருந்த படங்களில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய முகத்தைத்தான். அச்சு அசலாக நம் கோயில் திருவிழாவில் எங்கோ பார்த்த பெரியவர் முகம்.

பாப்பான்காரர்கள் லேசுப்பட்டவர்கள் அல்லர் என்பதற்கு இன்னொரு கதையும் உண்டு. 1984இல் புக்கிட் மேராவில் இருந்த ஆலையின் கதிரியக்கக் கழிவைப் புதைக்க இந்த ஊரில் குழி வெட்டினார்கள். ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள்; கடைசியில் இடத்தை மாற்ற வேண்டியதாயிற்று. மாமா அப்போது ஈப்போவில் இளம் ஆசிரியர். அந்தக் கதையை அவர் சொன்னால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும்.

திரும்பும்போது ஈப்போவில் ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில் நிறுத்தினோம். செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை ஒட்டியுள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில்தான் சிபில் இருக்கிறார். முதலில் ஸ்காட்லாந்தில் லானார்க் என்ற ஊரில் அடக்கம் செய்திருந்தார்கள்; 1949இல் உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்தார்கள். கணவரோடு கிளினிக் நடத்திய அதே சாலை. எதிரே கான்வென்ட் பள்ளி விட்டிருந்த நேரம். பிள்ளைகளை ஏற்ற வந்த கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கல்லறையைக் கண்டுபிடிக்கச் சிறிது நேரம் பிடித்தது. என் மகள்தான் முதலில் பார்த்தாள். பெயரை வாய்விட்டு வாசித்தாள். கார்த்திகேசு என்று சரியாகவே வாசித்தாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். பாப்பானுக்குப் பொதுப் போக்குவரத்தை நம்ப வேண்டாம், கார் வேண்டும். 74ஆம் எண் வீட்டை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பார்க்க முடியும். ஈப்போவில் மரபுடைமை அமைப்புகளிடம் கேட்டால் வழி சொல்வார்கள். காலையில் போங்கள், உள்ளறைகளில் வெளிச்சம் போதாது. ராஜா பிலாவின் பெரிய வீட்டையும் பள்ளிவாசலையும் சேர்த்துப் பார்க்கலாம். இடிந்த வீடுகளுக்குள் படம் எடுக்க நுழையாதீர்கள், சுவர்கள் நம்பத் தக்கவை அல்ல. சாப்பாட்டுக்குப் பூசிங் அல்லது பத்து காஜா. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதென்றால், டோனின் கதையை எங்கே நிறுத்துவது என்று பெற்றோர் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பர்ஸில் சில ரிங்கிட் தாள்கள் சில்லறையாக வைத்திருங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், நாமாகத்தான் கொடுக்க வேண்டும். வருகையாளர் புத்தகத்தில் தமிழில் எழுதுங்கள்.